சபையில் ஒருவரிடம் அவருடைய பாவத்தைப் பற்றிப் பேசுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏலி என்ற ஆசாரியனிடமிருந்து ஆரம்பிக்கலாம். சீலோவில், கர்த்தருடைய ஆலயத்தின் வாசலருகே அவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பெண் உதடு மட்டும் அசைய, சத்தம் வெளியே வராமல் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று ஏலி முடிவு கட்டி, அங்கேயே அவளைக் கடிந்துகொள்கிறார். அவள்தான் அன்னாள். அவள் குடிக்கவில்லை. பிள்ளை இல்லாத துக்கத்தில் நெஞ்சைக் கர்த்தருக்கு முன்பாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அதே ஏலிக்கு இரண்டு மகன்கள். பலியிட வந்தவர்களிடம் இறைச்சியைப் பிடுங்கித் தின்றார்கள். வாசலில் கூடிய பெண்களோடு தகாத உறவு வைத்திருந்தார்கள். ஜனங்கள் எல்லோரும் பேசினார்கள். ஏலியும் மகன்களைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார், அத்தோடு விட்டுவிட்டார். தெரிந்திருந்தும் அவர்களை அடக்கவில்லை என்பதே அவர்மேல் வந்த குற்றச்சாட்டு (1 சாமுவேல் 3:13).

முன்பின் தெரியாத பெண்ணிடம் அவசரக் கண்டிப்பு, சொந்த வீட்டாரிடம் தளர்ச்சி. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன. சபைகளில் நான் பார்த்த தவறுகளும் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தன. புதிதாக வந்த பையனின் தலைமுடியைப் பற்றி முதல் வாரமே யாராவது பேசிவிடுவார்கள். பல வருடங்களாகச் சபையில் செல்வாக்கோடு இருக்கும் ஒருவர், தன்னிடம் வேலை செய்தவர்களுக்குக் கூலியைப் பாக்கி வைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. யாக்கோபு 5:4-ல் அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்று எழுதியிருக்கிறது. நாம்தான் காதை மூடிக்கொள்கிறோம்.

நீங்கள் சபைக்குப் புதியவராக இருக்கலாம். அல்லது வாலிபர் கூட்டத்தையோ வீட்டு ஜெபக்கூட்டத்தையோ நடத்தும் பொறுப்பு இப்போதுதான் கைக்கு வந்திருக்கலாம். ஒருவருடைய வாழ்க்கையில் பாவம் என்று தெரிகிற ஒன்றைக் கண்டுவிட்டீர்கள். பேசவும் பயமாக இருக்கிறது, பேசாமல் இருக்கவும் மனம் கேட்கவில்லை. அந்த நிலையில் இருப்பவருக்காகவே இதை எழுதுகிறேன்.

மௌனம் அன்பாகிவிடாது

முதலில் இதைத் தீர்த்துக்கொள்வோம். "நமக்கென்ன, அவர் பாடு, தேவன் பாடு" என்று ஒதுங்குவது பணிவு போலத் தெரியும். லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உன்னைப்போல் பிறனிலும் அன்புகூருவாயாக என்ற கட்டளை 18-ஆம் வசனத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம், சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனை எப்படியும் கடிந்துகொள் என்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. உள்ளே பகையை வைத்துக்கொண்டு வெளியே சிரிப்பதற்கு மாற்றாகத்தான் அங்கே கடிந்துகொள்ளுதல் சொல்லப்பட்டிருக்கிறது.

எனக்கு இது ஒரு சகோதரனால் புரிந்தது. அவர் மறுபடியும் குடிக்க ஆரம்பித்திருந்தார். ஆராதனையில் அவர் பக்கத்தில் உட்காரும்போது எனக்கு வாசனை தெரியும். மனம் நோகுமே என்று ஒன்றும் கேட்கவில்லை. வேலை போய், வீட்டில் பெரிய பிரச்சினையாகி, பிறகு அவர் மீண்டு வந்தார். அப்போது என்னிடம் கேட்டார்: "உங்களுக்குத் தெரியும்தானே அண்ணா? ஏன் ஒரு வார்த்தைகூடக் கேட்கலை?" என்னிடம் பதில் இல்லை. அவர் மனம் நோகக்கூடாது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையல்ல. என் மனம் நோகக்கூடாது என்றுதான் இருந்துவிட்டேன். இன்றுவரை அது எனக்கு வருத்தம்.

முதல் படி: அது பாவமா என்று பாருங்கள்

நம் கண்ணுக்கு உறுத்துவதெல்லாம் பாவமாகிவிடாது. ரோமர் 14-ஆம் அதிகாரம் முழுவதும் இதற்காகவே எழுதப்பட்டது போல இருக்கும். ஒருவன் எதையும் புசிக்கலாம் என்கிறான், இன்னொருவன் மரக்கறி மட்டும் புசிக்கிறான். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் சரியாக எண்ணுகிறான். இதில் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்காதிருங்கள் என்கிறார் பவுல். உடை, அலங்காரம், பாட்டின் வேகம், கைதட்டலாமா கூடாதா என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த வகையில் சேரும். வேதம் தெளிவாகப் பாவம் என்று பெயர் சொல்வது வேறு, நாம் வளர்ந்த சபையின் பழக்கம் வேறு. எந்த வசனத்தை வைத்து இதைப் பாவம் என்கிறேன் என்று உங்களையே கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் விட்டுவிடுங்கள்.

பாவம்தான் என்றால், அது நடந்ததா? நீங்களே பார்த்ததா, காதில் விழுந்ததா? இங்கே யோசுவா 22-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. யோர்தான் நதி ஓரத்தில், இஸ்ரவேல் கோத்திரங்களில் ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரத்தார் ஒரு பெரிய பலிபீடத்தைக் கட்டிவிட்டார்கள். கர்த்தரை விட்டு விலகிப் போய்விட்டார்கள் என்று எண்ணி, மற்ற கோத்திரங்கள் சீலோவில் யுத்தத்துக்கே கூடிவிட்டன. நல்லவேளையாக, யுத்தத்துக்குப் போகுமுன் ஆசாரியனுடைய மகனையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பி விசாரித்தார்கள். பதில் என்ன? அது பலியிடக் கட்டிய பீடமே அல்ல. யோர்தானுக்கு அப்பால் இருப்பதால் நாளைக்கு எங்கள் பிள்ளைகளை 'உங்களுக்கும் கர்த்தருக்கும் என்ன சம்பந்தம்' என்று நீங்கள் தள்ளிவிடக்கூடாதே, அதற்குச் சாட்சியாகக் கட்டினோம் என்றார்கள். விலகிப் போக அவர்கள் கட்டவில்லை, விலக்கப்படுவோமோ என்ற பயத்தில் கட்டினார்கள். ஒரு கேள்வி கேட்டதால் எத்தனை உயிர் தப்பியது பாருங்கள்.

ஆகவே பேச்சைக் குற்றச்சாட்டாக ஆரம்பிக்காமல் கேள்வியாக ஆரம்பியுங்கள். "நான் இப்படிக் கேள்விப்பட்டேன். அது சரியா என்று எனக்குத் தெரியாது. உங்களிடமே கேட்டுவிடலாம் என்று வந்தேன்." இதில் தாழ்வு ஒன்றும் இல்லை. கேட்குமுன் பதில் சொல்வது புத்தியீனம் என்று நீதிமொழிகள் 18:13 சொல்கிறது.

இரண்டாம் படி: உங்களைப் பாருங்கள்

உத்திரமும் துரும்பும் எல்லோருக்கும் தெரிந்த உவமை. ஆனால் அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம். "உன் கண்ணில் உத்திரம் இருக்கிறதே, நீ யார் பேச?" என்பதோடு முடித்துக்கொள்கிறோம். மத்தேயு 7:5-ஐக் கடைசிவரை வாசித்தால், முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடு, பின்பு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகை பார்ப்பாய் என்று இருக்கிறது. துரும்பையும் எடுக்கத்தான் வேண்டும். கண்ணில் விழுந்த துரும்பு எப்படி உறுத்தும்! அதை எடுக்கிற கை தெளிவாகப் பார்க்கிற கையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போகுமுன் ஒரு இரவாவது பொறுங்கள். அவருக்காக எத்தனை நாள் ஜெபம் பண்ணியிருக்கிறேன்? அவரைத் திருத்தப் போகிறேன் என்ற எண்ணம் எனக்குள் ஒரு சந்தோஷத்தைக் கொடுக்கிறதா? கொடுத்தால் இன்னும் போக வேண்டாம். அவரோடு ஏற்கெனவே ஏதாவது மனக்கசப்பு இருக்கிறதா? இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பேசிய பிறகு அவரோடு இருக்கப் போகிறேனா? அவர் அழுதால், கோபப்பட்டால், 'சரி, விட்டுவிடுகிறேன், ஆனால் தனியாக முடியவில்லை' என்றால், அடுத்த ஆறு மாதம் வாரா வாரம் அவரைப் போய்ப் பார்க்க எனக்கு மனம் இருக்கிறதா? இல்லை என்றால், பேச வேண்டியவர் நீங்கள் இல்லை. அவரோடு இருக்கக்கூடிய ஒருவர் பேசட்டும். மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டு 'என் கடமை முடிந்தது' என்று வீட்டுக்குப் போகிறவர் தன் பாரத்தைத்தான் இறக்கி வைக்கிறார். அது கேட்டவர் தலைமேல் ஏறிவிடுகிறது.

கலாத்தியர் 6:1-ல், குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று பவுல் எழுதுகிறார். மூலமொழியான கிரேக்கத்தில் இந்தச் 'சீர்பொருந்தப்பண்ணுதல்' என்ற வினைச்சொல்லே, யாக்கோபும் யோவானும் படவில் உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற இடத்திலும் வருகிறது (மாற்கு 1:19). வலையைப் பழுதுபார்க்கிறவன் கிழிந்த இடத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணிக்குக் கண்ணி முடிச்சுப் போடுவான். அவசரப்பட்டு இழுத்தால் இன்னும் கிழியும்.

மூன்றாம் படி: எதிரே இருப்பவர் யார்?

எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது. ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 5:14 மூன்று வகையாகப் பிரிக்கிறது. எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள் என்பது மட்டும் மூவருக்கும் பொது. நடைமுறையில் நாம் இதை மாற்றிப் போட்டுவிடுகிறோம். திடனற்றவரை அதட்டுகிறோம், துணிந்து தப்பு செய்கிறவரைத் தேற்றுகிறோம்.

ஒருவர் தன் பாவத்தை நியாயப்படுத்தி, அதில் பெருமைப்பட்டு, பிறரையும் இழுக்கிறார் என்றால் தெளிவான எச்சரிப்பு தேவை. இன்னொருவர் அதே பாவத்தில் விழுந்து, ஒவ்வொரு இரவும் தன்னையே வெறுத்துக்கொண்டு இருக்கிறார். அவருக்கு அது பாவம் என்று நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, தூக்கிவிட ஒரு கைதான் தேவை. மூன்றாமவர் நேற்றுத்தான் விசுவாசத்துக்குள் வந்தவர். அவருக்கு இது பாவம் என்றே தெரியாது. அவருக்குப் போதனை வேண்டும், பொறுமையும் வேண்டும்.

வயதையும் உறவையும் பார்க்க வேண்டும். பெரியவரைத் தகப்பனைப்போலவும், வாலிபரைச் சகோதரரைப்போலவும், வயதான பெண்களைத் தாய்களைப்போலவும், இளம் பெண்களை எல்லாக் கற்போடும் சகோதரிகளைப்போலவும் எண்ணிப் புத்திசொல்ல வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (1 தீமோத்தேயு 5:1, 2). அப்பாவிடம் ஒரு தப்பைச் சொல்ல வேண்டுமென்றால் எப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொல்வோமோ, அப்படி. சொல்லாமல் விடுவதும் இல்லை, சபையில் நிற்கவைத்துச் சொல்வதும் இல்லை. ஆண் ஒருவர் ஒரு பெண்ணிடமோ, பெண் ஒருவர் ஓர் ஆணிடமோ அந்தரங்கமான காரியத்தைப் பேச வேண்டி வந்தால், தகுந்த மூத்த சகோதரியோ சகோதரரோ பேசுவதே நல்லது.

நான்காம் படி: தனியாக, நேரில்

மத்தேயு 18:15 இந்த விஷயத்தில் மிகத் தெளிவு. அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து. போதகரிடம் முதலில் போகச் சொல்லவில்லை. ஜெபக்குழுவில் சொல்லவும் சொல்லவில்லை.

இங்கே ஒரு காரியத்தை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சபைகளில் புறங்கூறுதல் பெரும்பாலும் ஜெபக்குறிப்பு வேஷத்தில்தான் வருகிறது. "அந்தச் சகோதரிக்காகக் கொஞ்சம் ஜெபிச்சுக்கோங்க, என்ன விஷயம்னா..." என்று ஆரம்பித்தால் அடுத்த பத்து நிமிடத்தில் ஒரு குடும்பத்தின் மானம் போய்விடும். நீங்கள் புதியவர் என்பதால் இதைக் கேட்கும் சந்தர்ப்பம் சீக்கிரமே வரும். அப்போது, "அவங்ககிட்ட நேரா பேசினீங்களா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டுவிடுங்கள். பல தடவை பேச்சு அங்கேயே நின்றுவிடும். பிரசங்க மேடையிலிருந்து ஒருவரைக் குறிவைத்து, பெயர் சொல்லாமல், எல்லோருக்கும் புரியும்படி பேசுவதும் இதே தவறுதான். அந்த மனிதர் திருந்துவதற்குப் பதிலாக அடுத்த வாரம் வராமல் போவார்.

கைப்பேசியில் எழுதி அனுப்பாதீர்கள். எழுத்தில் உங்கள் கண்ணில் இருக்கும் ஈரம் தெரியாது. அவர் அதை இரவு பன்னிரண்டு மணிக்கு நான்கு தடவை வாசிப்பார், ஒவ்வொரு தடவையும் குரல் கடுமையாகிக்கொண்டே போகும். போதாததற்கு அது இன்னொரு கைக்கும் போகலாம். "உங்களைப் பார்க்கணும், எப்போ வரலாம்?" என்று மட்டும் கேளுங்கள். களைப்பாகவும் பசியாகவும் இருக்கும் நேரம் வேண்டாம். பிள்ளைகள் முன்னால் கண்டிப்பாக வேண்டாம்.

ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற கணவனும் மனைவியும் அப்பொல்லோ என்ற பிரசங்கியிடம் நடந்துகொண்டது எனக்கு மிகப் பிடிக்கும் (அப்போஸ்தலர் 18:26). ஜெப ஆலயத்தில் அவன் தைரியமாகப் பேசுவதைக் கேட்டார்கள். அவன் போதனையில் ஒரு குறை இருந்தது. அது பாவமல்ல, அறியாமைதான். ஆனாலும் எழுந்து நின்று திருத்தவில்லை. அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, விவரமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு அப்பொல்லோ எத்தனை பேருக்கு உதவியாக இருந்தான் என்பது அடுத்த வசனங்களில் வருகிறது.

எல்லோர் முன்பாகவும் பேச வேண்டிய வேளையும் உண்டு. அந்தியோகியாவில் பேதுரு, புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூதர் சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். மற்றவர்களும் அவரைப் பார்த்து அப்படியே செய்தார்கள். பவுல் எல்லாருக்கும் முன்பாகவே பேதுருவிடம் கேட்டார் (கலாத்தியர் 2:11-14). தப்பு வெளியரங்கமாக நடந்தது, பலரை இழுத்தது, செய்தவர் ஒரு தலைவர். இப்படி ஒரு சூழ்நிலை புதியவருக்கு அபூர்வமாகத்தான் வரும்.

ஐந்தாம் படி: வார்த்தை

தமிழில் 'பாவம்' என்ற சொல் இரண்டு விதமாகப் புழங்குகிறது. "அது பாவம்" என்றால் குற்றம். "ஐயோ பாவம்" என்றால் இரக்கம். ஒரே சொல்லை நம் வீடுகளில் நாள்தோறும் இரண்டு விதமாகவும் சொல்கிறோம். ஒருவரிடம் அவருடைய பாவத்தைப் பற்றிப் பேசப் போகும்போது இரண்டு பொருளும் உங்கள் நெஞ்சில் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது மட்டும் இருந்தால் நீதிபதியாகப் போவீர்கள். இரண்டாவது மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்லாமல் காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவீர்கள்.

தாவீது அரசனிடம் நாத்தான் என்ற தீர்க்கதரிசி போனதைப் பாருங்கள் (2 சாமுவேல் 12). தாவீது பத்சேபாள் என்ற பெண்ணோடு விபச்சாரம் செய்து, அவள் கணவனையும் கொல்லவைத்திருந்தான். பத்சேபாளுக்குப் பிள்ளை பிறந்தாகிவிட்டது, ஆகவே மாதங்கள் கடந்திருக்கின்றன. அரசன், கொலைக்கு உத்தரவிட்டுப் பழகிய கை. நாத்தான் ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னார். ஆடு மேய்த்து வளர்ந்த தாவீதுக்கு அது நெஞ்சைத் தொடாமல் இருக்குமா? கோபப்பட்டுத் தீர்ப்புச் சொன்னான். அப்போது நாத்தான், "நீயே அந்த மனுஷன்" என்றார். கதை எவ்வளவு மென்மையாக இருந்ததோ, அந்த வாக்கியம் அவ்வளவு நேராக இருந்தது. பலர் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். சுற்றிச் சுற்றிப் பேசி, கடைசியில் எதிரே இருப்பவருக்கு என்ன சொல்ல வந்தார்கள் என்றே புரிவதில்லை. சுற்றிப் போவது தப்பில்லை, போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாத்தான் சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. சாலொமோன் பிறந்தபோது, கர்த்தருக்குப் பிரியமானவன் என்று பொருள்படும் யெதிதியா என்ற பெயரைக் கொண்டுவந்தவரும் அவரே. தாவீது கிழவனாகிப் படுக்கையில் கிடந்த நாட்களிலும் பத்சேபாளுக்கும் சாலொமோனுக்கும் துணையாக நின்றார் (1 இராஜாக்கள் 1). அந்த வீட்டின் மிகப் பெரிய அவமானத்தை முகத்துக்கு நேரே சொன்னவர், அந்த வீட்டோடே இருந்தார்.

என்னிடம் ஒரு மூத்த சகோதரி பேசியதை இங்கே சொல்ல வேண்டும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நான் என் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அடுத்த நாள் மாலை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் தனியாக இருந்த நேரம். "தம்பி, நேத்து நீங்க வீட்டம்மாகிட்ட பேசினது என் காதுல விழுந்துச்சு. அது சரியில்ல தம்பி. அவங்க முகம் வாடிப்போச்சு. உங்களுக்கு ஏதும் கஷ்டமா?" அவ்வளவுதான். வசனம் எடுத்து வாசிக்கவில்லை. 'நீங்க எப்பவுமே இப்படித்தான்' என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்கள், அது தப்பு என்று சொன்னார்கள், என்னைப் பற்றிக் கேட்டார்கள். அப்புறம் என் பதிலைக் கேட்க உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் எங்கள் இருவரையும் விசாரிக்காத வாரமும் இல்லை. அவர்கள் பேசிய அந்த மூன்று நான்கு வாக்கியங்களைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியாது.

நீங்களும் அப்படியே ஒரே காரியத்தை மட்டும் எடுங்கள். பழைய கணக்குகளைச் சேர்த்துக் கொண்டுபோகாதீர்கள். "நீங்கள் பொய்யர்" என்பதை விட்டு, "அன்று நீங்கள் சொன்னது உண்மையாக இல்லையே" என்று சொல்லுங்கள். "எல்லாரும் பேசுறாங்க" என்று ஆள் சேர்த்துக்கொண்டு போகாதீர்கள். அது கேட்பவரின் மூச்சை அடைத்துவிடும். "தேவன் எனக்கு உங்களைப் பற்றி வெளிப்படுத்தினார்" என்று ஆரம்பிப்பதையும் தவிருங்கள். அதற்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? அதே வேளையில், பாவத்தைப் பாவம் என்று ஒரு தடவையாவது சொல்லிவிடுங்கள். விபச்சாரத்தை 'சின்ன சறுக்கல்' என்றும், திருடியதை 'கணக்கில் கொஞ்சம் குழப்பம்' என்றும் சொன்னால், அவருக்கு மன்னிப்புக் கேட்க ஒன்றுமே இல்லாமல் போய்விடும். பெயர் வைக்காத பாவத்தை அறிக்கையிட முடியாது.

சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அந்த மௌனம் தாங்க முடியாமல் நாமே, "பரவாயில்லை, பெருசா எடுத்துக்காதீங்க" என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

ஆறாம் படி: கேட்கவில்லை என்றால்

முதல் சந்திப்பில் கோபப்படுவது இயல்பு. அதைக் கடைசிப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில வாரம் பொறுத்து மறுபடியும் போய்ப் பாருங்கள். அதன் பிறகும் அவர் அதிலேயே இருக்கிறார் என்றால், மத்தேயு 18:16 சொல்வதுபோல ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். இது அவரை அமுக்க ஆள் பலம் காட்டுவதற்காக இல்லை. இரண்டு மூன்று சாட்சிகள் என்ற முறை உபாகமம் 19:15-லிருந்து வருகிறது. ஒரே சாட்சியை வைத்து ஒருவனைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்பது அதன் நோக்கம். ஆகவே அது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் பாதுகாப்பு. நீங்கள் சொல்வது தவறு என்றால் உங்களோடு வந்தவரே அதைச் சொல்லலாம். அவரும் மதிக்கிற ஆட்களைத் தேர்ந்தெடுங்கள்.

அதற்கும் பிறகுதான் சபை மூப்பர்கள், சபை. அந்தக் கட்டத்தைப் புதியவர் தனியாக நடத்தக்கூடாது, போதகரிடமும் மூப்பர்களிடமும் ஒப்படைத்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்த வசனங்களுக்குச் சற்று முன்னால், தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிப்போகிற மேய்ப்பனைப் பற்றி இயேசு சொல்கிறார். சற்றுப் பின்னால், எழுபது தரம் ஏழு மன்னிப்பதைச் சொல்கிறார். நடுவில்தான் இந்த ஒழுங்கு இருக்கிறது. முன்னும் பின்னும் வெட்டிவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் சட்டமாக எடுத்துக்கொண்ட சபைகள் ஆட்களை விரட்டியிருக்கின்றன.

இந்தப் படிகள் பொருந்தாத இடம்

இதைக் கவனமாக வாசியுங்கள். குழந்தை ஒன்று பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருக்கிறது, ஒரு பெண் வீட்டில் அடி வாங்குகிறார், ஒருவர் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால், தனியாகப் போய் உணர்த்தும் முறை அங்கே பொருந்தாது. பாதிக்கப்பட்டவரை, துன்புறுத்தியவர் முன்னால் தனியாகப் போய் நின்று பேசு என்று அனுப்புவது கொடுமை. முதலில் அவரைப் பாதுகாப்பான இடத்தில் சேருங்கள். காவல்துறைக்கோ குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளுக்கோ தெரியப்படுத்துங்கள். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது தடுத்தால் கேட்க வேண்டாம். ஆளும் அதிகாரம் தீமை செய்கிறவன்மேல் நீதியைச் செலுத்தத் தேவன் வைத்த ஊழியக்காரன் என்று ரோமர் 13:4 சொல்கிறது. குற்றத்தை மறைப்பதை மன்னிப்பு என்று அழைக்கக்கூடாது. குற்றஞ்சாட்டப்பட்டவர் போதகராகவோ மூப்பராகவோ இருந்தாலும் இதுவே.

உங்களிடம் ஒருவர் பேச வந்தால்

இதுவும் நடக்கும், நடக்க வேண்டும். தாவீதுக்கு முன் அரசனாக இருந்த சவுல் கர்த்தரின் கட்டளையை மீறியபோது, சாமுவேல் தீர்க்கதரிசி அவரைக் கண்டித்தார். சவுலும் தாவீதும் இருவருமே "நான் பாவஞ்செய்தேன்" என்றுதான் சொன்னார்கள். சவுல் முதலில் ஜனங்கள்மேல் பழியைப் போட்டார். கடைசியில் ஒப்புக்கொண்டபோதும், என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேலிடம் கேட்டார் (1 சாமுவேல் 15:30). தாவீது கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். உங்களிடம் சொல்லப்பட்டதில் பத்தில் ஒரு பங்கே உண்மை என்றாலும், அந்த ஒரு பங்கை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். உடனே பதில் சொல்ல முடியாவிட்டால், "யோசிக்க எனக்கு இரண்டு நாள் கொடுங்க, நானே உங்களிடம் வர்றேன்" என்று சொல்லலாம். சொன்னபடி போங்கள்.

ஆனால் எல்லாக் கண்டிப்பும் நல்ல மேய்ப்பனிடமிருந்து வருவதில்லை. உங்கள் இரகசியங்களை வற்புறுத்திக் கேட்டு, பிறகு அவற்றைச் சபையில் பேசுகிறவர், உங்கள் பயத்தைப் பயன்படுத்தி உங்களைக் கட்டுப்படுத்துகிறவர், தன்னை யாரும் ஒரு கேள்வியும் கேட்க விடாதவர் என்றால், நம்பிக்கையான வேறொருவரிடம் சொல்லி ஆலோசனை கேளுங்கள். தேவைப்பட்டால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். அதனால் உங்கள் விசுவாசம் குறைந்துவிடாது.

கடைசிப் படி: அவர் திரும்பி வரும் ஞாயிறு

இதைத்தான் நாம் அதிகமாகக் கோட்டைவிடுகிறோம். கொரிந்து சபை ஒருவனைக் கண்டித்தது. அவன் துக்கப்பட்டான். பவுல் இரண்டாம் நிருபத்தில், அந்தத் தண்டனை போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு அவனுக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள், உங்கள் அன்பை அவனுக்குக் காண்பியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார் (2 கொரிந்தியர் 2:6-8). கண்டிக்கத் தெரிந்த சபைக்கு, கண்டிப்பை எப்போது நிறுத்துவது என்று எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது.

மனந்திரும்பி வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பார். கடைசி வரிசையில், கதவோரமாக உட்காருவார். அவரிடம் போய் நடந்ததைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். "ஜெபிச்சுக்கிட்டு இருக்கோம்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லவும் வேண்டாம். பக்கத்தில் இடம் காலியாக இருந்தால் உட்காருங்கள். பாட்டுப் புத்தகத்தை அவருக்கும் தெரியும்படி நடுவில் பிடியுங்கள். முடிந்ததும், "சாயங்காலம் வீட்டில் இருப்பீங்களா? நாங்க ரெண்டு பேரும் வர்றோம்" என்று கேளுங்கள். அதன்படி போங்கள். அடுத்த வாரமும் போங்கள்.